பழைய ரைபிளும் அதன் தழும்புகளும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

நம் சங்கத்து மேடையில் ஆண்டுதோறும் இலக்கியமும் இசையும் சமயமும் பேசப்படுவது வழக்கம். இவ்வாண்டு, பழைய படைத்துறை ரைபிள்களைச் செப்பனிட்டுப் பேணுதல் என்னும் பொருள்பற்றிப் பேச வந்துள்ளோம். பொங்கலுக்கும் நவராத்திரிக்கும் கூடுகின்ற குடும்பங்களுக்குத் துப்பாக்கியைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் படைக்கலத்தைப் பேணுவது எப்படி என்னும் வினா தமிழுக்குப் புதியதன்று. புறநானூற்றின் 95-ஆம் பாடல் இவ்வினாவைச் சுற்றியே அமைந்ததாகும்.

அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் சென்றார் ஔவையார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான். அங்கிருந்த படைக்கலங்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பெற்று, காவல் மிக்க மனையில் அழகாக இருந்தன. ஔவையார் அவற்றைப் பாராட்டுவார்போலச் சொல்லிவிட்டு, எம் மன்னனுடைய வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லனுடைய சிறு கொட்டிலில் கிடக்கின்றன என்று முடித்தார். அழகு ஒரு பக்கம், தழும்பு மறுபக்கம். எந்தப் படைக்கலம் எதைச் சொல்கிறது என்பதை அப்புலவர் பெருமாட்டி ஒரே பார்வையில் அறிந்துகொண்டார். இன்று பழைய ரைபிளைச் செப்பனிட விழைவோர் நினைவிற் கொள்ளவேண்டிய முதற்பாடமும் அதுவேயாகும்.

எந்த ரைபிளைப் பற்றிப் பேசப்போகிறோம் என்பதை முதலில் சொல்லிவிடுவோம். துப்பாக்கிக் குழலின் உட்புறத்தில் சுழன்று செல்லும் பள்ளங்களை வெட்டினால், அவற்றின் வழியே செல்லும் குண்டு பம்பரம்போலச் சுழன்று நேராகப் பாயும். அவ்வாறு பள்ளம் வெட்டிய குழலையுடையதே ரைபிள். இந்திய வரலாற்றில் பெரிதும் பேசப்படும் முதல் ரைபிள் 1853-ஆம் ஆண்டின் என்பீல்டு ஆகும். குழலின் வாய் வழியே மருந்தும் குண்டும் இட்டுக் கெட்டித்துச் சுடும் வகை அது. அதற்குரிய தோட்டாத் தாளைப் பல்லால் கிழிக்கவேண்டியிருந்தது. அதில் பூசிய கொழுப்பைப் பற்றிய ஐயமே 1857-ஆம் ஆண்டுப் பெருங்கிளர்ச்சிக்கு ஒரு பொறியாயிற்று. அவ்வாண்டு மார்ச்சு 29-ஆம் நாள் மங்கள் பாண்டே எழுந்து நின்ற பாரக்பூர், கல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளி நதிக்கரையில் உள்ளது. அவ்வூருக்கு அருகிலேயே இருக்கிறது இஷாப்பூர். 1787-இல் வெடிமருந்துத் தொழிற்சாலை நிறுவப்பெற்ற அவ்விடத்தில் 1904 முதல் ரைபிள் தொழிற்சாலை எழுந்தது. நாம் எடுத்துக்கொண்டுள்ள பொருளின் பிறப்பிடம் அதுதான்.

இஷாப்பூரில் நெடுங்காலம் செய்யப்பட்டது லீ-என்பீல்டு ரைபிள். ஸ்காட்லாந்தில் பிறந்து அமெரிக்கா சென்று வாழ்ந்த ஜேம்ஸ் பாரிஸ் லீ என்பவர் வகுத்த போல்ட் அமைப்பும், லண்டனுக்கு வடக்கேயுள்ள என்பீல்டுத் தொழிற்சாலை வகுத்த ஐந்து பள்ளக் குழலும் 1895-இல் ஒன்றுசேர்ந்து அப்பெயர் பெற்றன. குழலின் விட்டம் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் முந்நூற்று மூன்று பங்கு. ஆகவே அதைப் ‘பாயின்ட் த்ரீ நாட் த்ரீ’ என்று நம் நாட்டுக் காவலர் முதல் மாணவர் படையினர் வரை அழைத்தனர். தோட்டாக்கூட்டில் பத்துத் தோட்டாக்கள் கொள்ளும். 1907-இல் ஏற்கப்பட்ட மூன்றாம் வகையும், போர்க்காலச் சிக்கனம் கருதி 1916-இல் எளிமையாக்கப்பட்ட அதன் மாற்றுருவும் இரண்டு உலகப் போர்களிலும் இந்தியப் படைவீரரின் தோளில் தொங்கின. 1857-க்குப் பின், இந்தியச் சிப்பாய்களுக்கு ஆங்கிலேயச் சிப்பாய்களைவிட ஒரு தலைமுறை பழைய துப்பாக்கியே தருவது அரசின் வழக்கமாயிருந்தது. 1914-இல் பிரான்சின் மார்சேல் துறைமுகத்தில் இறங்கிய பின்னரே இந்தியப் படைகளின் பழைய ரைபிள்கள் மாற்றப்பட்டன. ஆட்சியாளரின் ஐயம் எத்தனை ஆண்டு நீடித்தது என்பதை இந்த ஒரு செய்தியே காட்டும்.

இனி, ஓர் இஷாப்பூர் ரைபிளைக் கையில் எடுத்தால் அது என்னென்ன சொல்லும் என்பதைக் காண்போம். போல்ட்டுக்குப் பின்னால், கை பற்றும் இடத்திலுள்ள உலோக வளையத்தில் ஒரு முடியும், அதன்கீழ் ஜி.ஆர்.ஐ. என்னும் எழுத்துகளும், இஷாப்பூர் என்னும் பெயரும், செய்த ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்குமாயின் அது மன்னராட்சிக் காலத்தது. முடி மறைந்து, அசோகச் சிங்கமும் ஆர்.எப்.ஐ. என்னும் எழுத்துகளும் தோன்றுமாயின் அது நம் குடியரசின் காலத்தது. அதே பட்டறை, அதே பொறிகள்; அச்சு மட்டும் மாறியது. ஒரு நாடு கைமாறியதை விரல் நுனியால் தடவி உணரக்கூடிய இடம் அது.

குழலைத் தாங்கும் முன்கட்டையின் குறுக்கே ஒரு திருகாணி செல்வதை இஷாப்பூர் ரைபிள்கள் பலவற்றிற் காணலாம். இங்கிலாந்தில் செய்தவற்றில் அது இல்லை. நம் நாட்டு வெயிலிலும் மழையிலும் மரம் காய்ந்தும் ஊறியும் பிளந்துபோகாமலிருக்க இங்குள்ளோர் சேர்த்த வலுவே அது. உலகெங்குமுள்ள சேகரிப்பாளர்கள் அதை ‘இஷாப்பூர்த் திருகு’ என்றே பெயரிட்டழைக்கின்றனர். வங்காளத்து ஆற்றங்கரைத் தொழிலாளர் ஒருவரின் பெயரும் நமக்குத் தெரியாது. ஆயினும் அவர்களுடைய அனுபவ அறிவு ஒரு திருகாணியாகக் கடல் கடந்து பெயர் பெற்றிருக்கிறது.

1962-ஆம் ஆண்டு இமயமலையில் நம் வீரர்கள் பெரும்பாலும் இந்த ரைபிளைக் கொண்டே சீனரின் தானியங்கித் துப்பாக்கிகளை எதிர்த்து நின்றனர். அதன் பின்னர், பழைய அமைப்பையே வலிய எஃகிற் செய்து, 7.62 மில்லிமீட்டர் தோட்டாவை ஏற்கும்படி இஷாப்பூர் தொழிற்சாலை மாற்றியது. 2ஏ, 2ஏ1 என்னும் அவ்வகைகளைப் பன்னிரண்டு தோட்டா கொள்ளும் சதுரவடிவத் தோட்டாக்கூட்டைக்கொண்டே அடையாளம் காணலாம். 2ஏ1 வகையில் குறிகாட்டித் தகடு 2,000 என்னும் எண்ணிலிருந்து 800-க்குக் குறைக்கப்பட்டது. போரில் சிப்பாய் உண்மையில் எவ்வளவு தொலைவில் சுடுகிறான் என்னும் அறிவு அந்த எண்ணில் அடங்கியிருக்கிறது.

இவ்வளவும் எழுத்தாகவும் எண்ணாகவும் கீறலாகவும் உலோகத்தின்மேலும் மரத்தின்மேலும் இருக்கின்றன. இவற்றை அழித்துவிட்டால் எஞ்சுவது ஓர் இரும்புக் குழாயே. செப்பனிடுவோர் பலர் நல்லெண்ணத்தோடு செய்யும் கேடு இதுதான். பழைய ரைபிள் கிடைத்தவுடன் உப்புத்தாளை எடுத்து மரத்தை வழவழப்பாக்குகின்றனர். தொழிற்சாலையின் வட்ட முத்திரையும் சோதனையாளரின் குறியும் மரத்தூளாகப் பறந்துவிடுகின்றன. இரும்பைச் சாணைபிடித்துப் பளபளப்பாக்குகின்றனர், எண்கள் மழுங்குகின்றன. முடிவில் தொண்டைமானின் கொட்டிலுக்கு ஏற்ற அழகிய பொருள் ஒன்று கிடைக்கிறது. அதனிடம் எதைக் கேட்டாலும் விடை கிடைக்காது.

அப்படியானால் முறையான பராமரிப்பு எது? முதலில் ஒன்றும் செய்யாதிருத்தல். உள்ள நிலையை எல்லாப் பக்கங்களிலிருந்தும் படம் எடுத்து, எண்களையும் முத்திரைகளையும் ஏட்டில் எழுதிக்கொள்ளவேண்டும். படைக்கிடங்கில் நெடுநாள் இருந்த ரைபிளின்மேல் தடித்த கிரீசு படிந்திருக்கும். அடுப்பும் விளக்கும் இல்லாத வெளியிடத்தில் மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் துடைத்தால் அது நீங்கும். மேலோடிய துருவை, எண்ணெய் இட்டு மிக நுண்ணிய எஃகுப் பஞ்சினால் மெல்லத் தேய்த்து எடுக்கலாம், அமிலம் ஆகாது. மரத்துக்குப் பச்சை ஆளிவிதை எண்ணெய் ஏற்றது. அது காற்றோடு கூடி மெல்ல இறுகி மரத்துக்குள்ளேயே தங்கும். சமையலறைத் தேங்காயெண்ணெய் அவ்வாறு இறுகுவதில்லை. பிசுக்காகிக் கெட்டு நாறும். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால் தானே சூடேறித் தீப்பற்றுவதுண்டு. அதைத் திறந்தவெளியில் விரித்து உலர்த்தவேண்டும். மரம் அழுந்திய இடத்தில் ஈரத்துணியை இட்டு இஸ்திரிப் பெட்டியை மெல்ல வைத்தால் ஆவி புகுந்து நார் எழும்பும். ஆயினும் எல்லா அழுத்தங்களையும் எழுப்பவேண்டுவதில்லை. ஒரு சிப்பாய் தன் பெயரின் முதலெழுத்தைக் கத்தியால் கீறியிருப்பானாயின், அதை மறைக்க நமக்கு உரிமை ஏது?

குழலின் உட்புறத்துத் துருவுக்கு ஒரு தனிக் கதை உண்டு. அக்காலப் படைத்துறைத் தோட்டாவின் மூட்டுமருந்தில் பொட்டாசியம் குளோரேட்டு இருந்தது. சுட்டபின் அது ஒருவகை உப்பாகக் குழலில் படியும். மழைக்காலத்தில் நம் வீட்டு உப்புச் சாடி கசிவதைக் காண்கிறோம் அன்றோ? அதுபோலவே இந்த உப்பும் காற்றின் ஈரத்தை இழுத்து ஓரிரு நாளில் குழலை அரித்துவிடும். எண்ணெயில் உப்பு கரையாது. எவ்வளவு எண்ணெய் இட்டாலும் அடியில் அரிப்பு நடந்துகொண்டேயிருக்கும். ஆகவே படைவீரர்கள் முதலில் கொதிநீரைக் குழலில் ஊற்றி உப்பைக் கழுவி, வெப்பத்திலேயே அது உலர்ந்தபின் துணியிட்டுத் துடைத்து, அதன்பிறகே எண்ணெய் பூசினர். பழைய ரைபிளின் குழல் கண்ணாடிபோல இருக்குமாயின், பெயர் தெரியாத யாரோ ஒருவர் களைப்பையும் பொருட்படுத்தாமல் நாள்தோறும் வெந்நீர் காய்ச்சினார் என்பது பொருள்.

இங்கே துணைப்பொருள்களைப் பற்றிச் சொல்லவேண்டும். கொதிநீர் ஊற்றுவதற்கென்றே வளைந்த மூக்குடைய ஒரு தகரப் புனல் இருந்தது. ரைபிளின் அடிக்கட்டையில், பித்தளைத் தகட்டின் நடுவே ஒரு சிறு கதவு உண்டு. அதனுள்ளே பித்தளை எண்ணெய்ப் புட்டியும், ‘புல்த்ரூ’ என்னும் கயிறும் இருக்கும். கயிற்றின் ஒரு நுனியில் பித்தளைக் குண்டு. மறுநுனியில் துணி கோக்கும் கண்ணி. நான்கு அங்குல நீளமும் இரண்டு அங்குல அகலமும் உள்ள அத்துணியை நம் படையினர் ‘சிந்தி’ என்பர். தேசிய மாணவர் படையில் பயின்ற நம் காலனி இளைஞர்களுக்கு இச்சொற்கள் புதியன அல்ல. இவையன்றி, குழல்வாய் மூடி, தோள்வார், துப்பாக்கிச் சனியனின் உறை, அடிக்கட்டையில் பதித்த படைப்பிரிவின் பித்தளை வட்டு எனப் பல உண்டு. சில ரைபிள்களின் முன்கட்டையில் செம்புக் கம்பி நெருக்கமாகச் சுற்றப்பட்டிருக்கும். குழல்வாயில் கிண்ணம் பொருத்திக் கையெறி குண்டைச் செலுத்தும்போது கட்டை சிதறாமலிருக்கச் செய்த கட்டு அது. அறியாதவர் அதை யாரோ ஒட்டுப்போட்ட பழுது என்று அவிழ்த்து எறிந்துவிடுவர்.

ரைபிளைவிட இச்சிறு பொருள்கள் அரியனவாகிவிட்டன என்பது வியப்பாகத் தோன்றலாம். காரணம் எளியது. ரைபிளுக்கு எண் உண்டு, பதிவேடு உண்டு, பூட்டு உண்டு. எண்ணெய்ப் புட்டிக்கு அவை இல்லை. உத்தரப்பிரதேசக் காவல்துறை 2020-ஆம் ஆண்டுக் குடியரசு நாள் அணிவகுப்போடு இந்த ரைபிளுக்கு விடை கொடுத்தது. இவ்வாறு ஒரு படைக்கலம் ஓய்வு பெறும்போது முதலில் சிதறிப்போவன துணைப்பொருள்களே. தோல்வார் செருப்புத் தைக்கப் போகும். பித்தளைப் புட்டி கபாடிக்காரரின் தராசில் ஏறும்.

ஒன்றுக்கு ஒன்று இணையாகப் பிறந்த பொருள்கள் பிரிந்துபோவது இன்னும் பெரிய இழப்பு. இரண்டாம் உலகப் போரில் தொலைவிலிருந்து குறிபார்த்துச் சுடுவோர்க்கென நான்காம் எண் ரைபிள்களில் சிலவற்றைத் தேர்ந்து, 32-ஆம் எண் தொலைநோக்கியைப் பொருத்தினர். லண்டன் நகரத்து ஹாலண்டு அண்டு ஹாலண்டு நிறுவனத்தார் பெரும்பாலானவற்றைப் பொருத்தித் தந்தனர். தொலைநோக்கியின் எண்ணை ரைபிளின் கட்டையிலும், ரைபிளின் எண்ணைத் தொலைநோக்கி தாங்கியிலும் பொறித்தனர். ஒன்றுக்கென அளந்து பொருத்தியது மற்றொன்றுக்குச் சரியாக அமையாது. காலப்போக்கில் அவை தனித்தனியே விற்கப்பட்டன. இன்றும் சேகரிப்பாளர்கள் எண்ணை வைத்துக்கொண்டு இணையைத் தேடுகின்றனர். மரத்தின்மேல் உள்ள அந்தச் சிறு எண்ணை உப்புத்தாள் தின்றுவிட்டால் அத்தேடலுக்கு வழியே இல்லாமற் போகும்.

அன்பர்களே, இனி நாம் தவிர்க்கக்கூடாத ஒரு வினாவுக்கு வருவோம். உயிரைப் போக்குவதற்கென்றே செய்த ஒரு கருவியை இவ்வளவு அன்போடு பேணுவது தகுமா? 1919-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் நாள் அமிர்தசரசில் ஜாலியன்வாலா பாகில் கூடியிருந்த மக்கள்மேல் ஜெனரல் டயரின் ஆணைப்படி 1,650 தோட்டாக்கள் சுடப்பட்டன. சுட்டது இந்த ரைபிள்தான். சுட்டவர்களும் இந்தியத் துணைக்கண்டத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்த சிப்பாய்களே. அதே வகை ரைபிள்தான் 1947-இல் காசுமீரத்தைக் காக்கச் சென்ற நம் வீரர்களின் கையிலும் இருந்தது. ஆகவே இதனைப் போற்றிப் பாடவும் இயலாது. தூற்றி எறியவும் இயலாது. சாட்சியாக நிறுத்தி வைப்பது ஒன்றே நாம் செய்யக்கூடியது.

ஜாலியன்வாலா பாகின் சுவரில் குண்டு பாய்ந்த குழிகளை அப்படியே விட்டு, அவற்றைச் சுற்றி அடையாளமிட்டு வைத்திருக்கிறார்கள். அவற்றைச் சுண்ணாம்பு பூசி அழகாக்கவேண்டும் என்று எவரேனும் சொல்வாரா? 2021-இல் அத்தோட்டம் புதுப்பிக்கப்பட்டபோது, உள்ளே செல்லும் குறுகிய சந்தின் பழைய தோற்றம் மாறிவிட்டதென வரலாற்று அறிஞர்கள் பலர் வருந்தினர். அன்று படைகள் உள்ளே நுழைந்த வழி அதுவே. சுவரில் உள்ள குழிக்கு நாம் தரும் மதிப்பை, அக்குழியை உண்டாக்கிய இரும்பின்மேல் உள்ள முத்திரைக்கும் தரவேண்டும். யாருடைய முடியின்கீழ், எந்த ஆண்டில், யாருக்காக அது செய்யப்பட்டது என்பதை அம்முத்திரையன்றி வேறு எது சொல்லும்?

அதற்காக நம் இளைஞர்கள் ரைபிள் சேகரிக்கப் புறப்படவேண்டும் என்று சொல்லவரவில்லை. படைத்துறைத் தோட்டாவை ஏற்கும் துப்பாக்கியைப் பொதுமக்கள் வைத்திருக்க நம் நாட்டுச் சட்டம் எளிதில் இடந்தருவதில்லை, அது நன்றே. 1959-ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம், செப்பனிட்டாலும் சுட இயலாத பழம்பொருளுக்கு மட்டுமே விலக்கு அளிக்கிறது. எது அத்தகையது என்பதை முடிவுசெய்ய வேண்டியவர் உரிய அதிகாரியே, நாமல்லர். நூறாண்டு கடந்த பொருளாயின் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமும் அதனைத் தழுவும். அதை வெளிநாட்டுக்கு அனுப்புதல் கூடாது. பழைய துப்பாக்கி எதுவாயினும் உள்ளே தோட்டா இருக்கிறது என்று எண்ணியே நடக்கவேண்டும். பயிற்சிக்கு மட்டும் உரியதெனக் கழிக்கப்பட்ட ரைபிளில் டி.பி. என்னும் எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும். அது சுடுவதற்குத் தகுதியற்றது.

ஆனால் ரைபிள் இல்லாமலே நம்மால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நம் காலனியில் படையிலும் படைக்கலத் தொழிற்சாலைகளிலும் பணியாற்றி ஓய்வு பெற்றோரின் இல்லங்கள் பல. அவ்வில்லங்களின் பரண்மேல் உள்ள தகரப் பெட்டியில் ஒரு பித்தளைப் புட்டியோ, பழைய தோள்வாரோ, பயிற்சிக் கையேடோ, பட்டறையின் அளவுக் கருவியோ கிடக்கக்கூடும். தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள்: அப்புட்டியைக் குத்துவிளக்கைப் போலப் புளியிட்டுத் துலக்கிவிடாதீர்கள். புளியின் அமிலம் பித்தளையின் மேற்பரப்பையும் அதிலுள்ள சிறு எழுத்துகளையும் தின்றுவிடும். உலர்ந்த துணியால் தூசி துடைத்து, பருத்தித் துணியில் சுற்றி, யாருடையது, எந்த ஆண்டு, எந்த ஊர் என்று ஒரு சீட்டில் எழுதி உடன் வையுங்கள். எழுதி வைத்த சீட்டு இல்லாத பொருள் அடுத்த தலைமுறைக்கு வெறும் பித்தளைதான்.

இளைஞர்களுக்கும் ஒரு பணி உண்டு. இஷாப்பூர் என்னும் பெயரையும் அதன் திருகையும் அமெரிக்காவில் உள்ள சேகரிப்பாளர் அறிந்திருக்கிறார். ஏனெனில் நம் நாட்டில் கழிக்கப்பட்ட ரைபிள்கள் பல அங்கே விலைக்குச் சென்றன. அந்தப் பட்டறைகளிற் பணிசெய்தோரின் அனுபவத்தை எழுதி வைப்பதற்கோ நாம் அமெரிக்கா செல்லவேண்டுவதில்லை. அடுத்த தெருவுக்குச் சென்றால் போதும். மரத்தை எவ்வளவு நாள் உலர்த்தினார்கள், குழலின் நேரை எப்படிக் கண்ணால் பார்த்துச் சொன்னார்கள், முத்திரை குத்தும் கை யாருடையது என்பவற்றைக் கேட்டு எழுதுங்கள். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு விடுமுறையில் செல்வோர், தஞ்சை அரண்மனையிலிருந்து வந்த படைக்கலங்களைப் பார்க்கும்போது இந்த எண்ணத்தோடு பாருங்கள். வாளின் அழகுக்கு அப்பால், பிடியின் தேய்வைப் பாருங்கள்; அங்கேதான் மனிதன் இருக்கிறான்.

முறிந்த வேலின் நுனியைப் பெருமையாகச் சொன்ன ஔவையாரின் மொழி நம் மொழி. அம்மொழிக்கு உரியவர்களாகிய நாம், பழம்பொருளின் தழும்பை மறைக்காமல் காப்போமாக.